பிராக்கிஷ் என்றால் உடைந்தது அல்ல

போன கிழமை அக்காவின் மகள் ஆங்கிலப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "சித்தி, பிராக்கிஷ் எண்டா என்ன?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் போனில் தேடிப் பார்த்து, "ஆ, சரி" என்று அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள். மூன்று விநாடி இருக்கும். அந்தச் சொல்லைப் படிக்க எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது. அதுவும் நல்ல விதமாகப் படிக்கவில்லை. உங்களுக்கு அவசரம் இல்லையென்றால் சொல்கிறேன்.

சுனாமி வந்து போய்ச் சில மாதங்கள். கல்லடியில் எங்கள் வீடு கடற்பக்கம் இல்லாமல், கடலோடு கலக்கும் வாவிப் பக்கம் இருந்ததால் தப்பியிருந்தது. எனக்கு இருபது வயது. நிவாரண வேலைக்கு வந்த வெளிநாட்டவர்களுக்கு மொழிபெயர்க்க ஆள் தேடினார்கள். ஆங்கிலம் வருமா என்று கேட்டார்கள். "யெஸ்" என்றேன். நேர்முகப் பரீட்சை அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை மட்டும் நான் பிழையில்லாமல் உச்சரித்தேன் என்று நினைக்கிறேன்.

தினமும் விடியவே வாகரைக்கு ஜீப்பில் போவோம். வாவிமேல் பனிப்புகை கிடக்கும். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நடுவில் ஒரு தோணி, எதையும் தொடாமல் தொங்குவதுபோல நிற்கும். பாதித் தூக்கத்தில் அதைப் பார்த்துக்கொண்டே போவேன். ஜீப்பின் பின்பக்கத்தில் குளோரின் தூள் வாளிகள் இருக்கும். இன்றைக்கும் எங்காவது குளோரின் வாசம் பட்டால் எனக்கு முதலில் தூக்கம்தான் வருகிறது.

நான் கூடப் போனது மார்த்தா என்ற தண்ணீர்ப் பொறியியலாளருடன். நாற்பது வயதிருக்கும், வெயிலில் மூக்கு உரிந்து, துணித் தொப்பி போட்டிருப்பார். கடல் புகுந்த கிணறுகளில் ஒரு கருவியைக் கயிற்றில் இறக்கி, எண்ணைப் பார்த்து, மூன்று சொல்லில் ஒன்றைச் சொல்வார். குட், பிராக்கிஷ், சேலைன். நான் அதை வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும். குட் தெரியும். சேலைன் ஆஸ்பத்திரியில் ஏற்றுவது; உப்புத் தண்ணீர் என்று ஊகித்தேன். பிராக்கிஷ்தான் புதிது. பிரேக் என்றால் உடைவது. இஷ் என்று முடிந்தால் கொஞ்சம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். ஆகவே, கொஞ்சம் உடைந்தது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

"உங்கட கிணறு கொஞ்சம் உடைஞ்சி போயித்தாம்" என்று பதினொரு வீட்டில் சொன்னேன். ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. அந்தக் கரையில் உடையாதது எது இருந்தது?

பன்னிரண்டாவது வீடு யோகம்மாவுடையது. வீடென்று அத்திவாரம் மட்டும்தான். புருஷனும் இரண்டு பிள்ளைகளுமாக, கரையை விட்டு உள்ளே தள்ளியிருந்த தகரக் கொட்டிலில் இருந்தார்கள். கிணறு சரி என்றால் திரும்பி வந்து குடிசை போடுவது என்று முடிவெடுத்திருந்தார்கள். நான் வழக்கம்போலச் சொன்னேன். அந்த மனுசி என் கையைப் பிடித்துக் கிணற்றைச் சுற்றி நடத்தினாள்.

"எங்க புள்ள உடைஞ்சிருக்கு? காட்டு பாப்பம்."

கிணற்றுக்கட்டில் ஒரு வெடிப்பும் இல்லை. எட்டி உள்ளே பார்த்தேன். என் முகம்தான் தெரிந்தது. மார்த்தாவிடம் போய், எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டேன். மெல்ல அவர் முகம் மாறியது. சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. தூரத்தில் தெரிந்த வாவியைக் காட்டி, பிறகு கடலைக் காட்டி, இரண்டு கையையும் ஒன்றாகச் சேர்த்துக் கலக்கினார். பார்த்துக்கொண்டு நின்ற யோகம்மா ஒரு கை தண்ணீரை வாயில் விட்டுத் துப்பினாள்.

"சவர்த்தண்ணி. அதச் சொல்லத் தெரியாதா புள்ள உனக்கு? நீ வாவிக்கரையிலதானே பிறந்த?"

ஓம், வாவிக்கரையில்தான் பிறந்தேன். நீந்திப் பழகியபோது எத்தனை மிடறு அதை விழுங்கியிருப்பேன். உப்புமில்லாத, நல்லதுமில்லாத அந்தத் தண்ணீருக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கும் என்று நினைத்ததே இல்லை. சவர் என்றால் விட்டுவிட வேண்டிய கிணறு அல்ல. அதிகம் இறைக்காமல் விட்டால் மாரி மழை கழுவிக் கொடுத்துவிடும். மார்த்தா வீட்டுக்கு வீடு சொல்லச் சொன்னது அதைத்தான்.

அன்றைக்கே பதினொரு வீட்டுக்கும் திரும்பி நடந்தோம். பத்து வீட்டில் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். பதினோராவது தம்பிராசா அண்ணன் வளவு. சுனாமியில் மனைவியை இழந்தவர், தனி ஆள். கிணற்றடியில் நின்றார். கிணறு முக்கால்வாசி தூர்ந்திருந்தது. உள்ளே செங்கல், ஓடு, ஜன்னல் துண்டு.

"வீடும் உடைஞ்சி, கிணறும் உடைஞ்சி எண்டீங்க. ரெண்டையும் ஒண்டாப் போட்டுத்தன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான்தான் பிழையாகச் சொன்னேன் என்று சொன்னேன். சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. அவர் குனிந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"தோண்டினா வருமோ?"

"வரும் அண்ணன்."

கிணற்றைத் தோண்ட மார்த்தாவிடம் மூன்று நாள் லீவு கேட்டேன். தந்தார், இரண்டாம் நாள் அவரும் வாளியோடு வந்தார். யோகம்மாவின் புருஷன் கயிறு கட்டி உள்ளே இறங்கினார். நாங்கள் மேலே நின்று இழுத்தோம். சில செங்கற்களில் நீலச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. "இது குசினிச் சுவர்" என்று தம்பிராசா அண்ணன் அவற்றை மட்டும் தனியே அடுக்கினார். மூன்றாம் நாள் பின்னேரம் அடியில் தண்ணீர் ஊறியது. கலங்கல். அவர் வாயில் வைத்துப் பார்த்து, "சவர்தான்" என்றார். அந்தச் சொல்லை அவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த மாரிக்குப் பிறகு யோகம்மாவின் கிணறு குட். தம்பிராசா அண்ணனுடையது இன்னொரு மாரி கேட்டது. அதற்குள் மார்த்தா போய்விட்டார். கொஞ்சக் காலம் கடிதம் எழுதினார்; பிறகு அதுவும் நின்றது.

போன வருடம் வாகரைக்குப் போனேன். குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. யோகம்மாவும் புருஷனும் மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்களாம். தம்பிராசா அண்ணன் இப்போது இல்லை. வளவை அவருடைய தம்பி மகன் வாங்கிப் புதுவீடு கட்டியிருக்கிறார். கிணறு எங்கே என்று கேட்டேன்.

"இதிலதான் எங்கயோ இருந்ததெண்டு சொல்லுவாங்க அக்கா" என்று, மோட்டார் சைக்கிள் நின்ற சீமெந்துத் தரையைக் காட்டினார். நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு தாகம் என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளே போய் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.