அஞ்சு, ஆறு, ஏலு, எட்டு

என் மகளும் நானும் ஆட்களைத் தூக்குகிறவர்கள். நான் ஒரு முதியோர் இல்லத்தில் கட்டிலில் இருந்து நாற்காலிக்கும், நாற்காலியில் இருந்து கட்டிலுக்கும் தூக்குகிறேன். அவள் ஹனோவரில் ஒரு கழகத்தின் சியர்லீடிங் குழுவில் ஒரு சின்னப் பெண்ணைத் தலைக்கு மேலே தூக்குகிறாள். மாலையில் இரண்டு பேரும் ஒரே வலி மருந்தைத்தான் பூசிக்கொள்கிறோம்.

நடனம் என்று நினைத்துத்தான் அவளை அங்கே சேர்த்துவிட்டேன். போய்ப் பார்த்தால் ஒருத்தியை மூன்று பேர் ஏந்தி நிறுத்துகிற வேலை. மேலே நிற்கிறவளின் பாதங்களை இரண்டு பேர் தாங்க வேண்டும், பின்னால் ஒருத்தி கணுக்காலைப் பிடிக்க வேண்டும். என் மகள் பாதம் தாங்குகிறவள். சொந்தக்காரர் கேட்டால் "ஜிம்னாஸ்டிக் மாதிரி ஒண்டு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். உடுப்பு ஏன் இவ்வளவு கட்டை என்று அடுத்த கேள்வி வரும். அதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

பயிற்சி மண்டபத்தில் ஒரே நேரத்தில் மூன்று குழுக்கள் கத்தும். எல்லாக் குழுவுக்கும் ஒரே எண்ணிக்கைதான்; ஆங்கிலத்தில் ஐந்தில் தொடங்கி எட்டில் முடியும், எட்டு என்றதும் தூக்க வேண்டும். ஒருநாள் அந்தச் சின்னப் பெண் பக்கத்துக் குழுவின் எண்ணிக்கையைக் கேட்டு ஏறிவிட்டாள். கீழே ஒருத்தரும் ஆயத்தமாக இல்லை. நல்ல காலம், மெத்தையில் விழுந்தாள். அன்றைக்கே என் மகள் எண்ணிக்கையைத் தமிழுக்கு மாற்றிவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று ஜெர்மன் பிள்ளைகள் "அஞ்சு, ஆறு, ஏலு, எட்டு" என்று கத்தப் பழகினார்கள். ஒன்று முதல் நாலு வரை அவர்களுக்குத் தெரியாது. தேவையும் இல்லை.

ஏழு என்று அவர்களுக்கு வராது. எங்கள் வீட்டிலேயே அந்த ழகரம் ஒழுங்காக வருவதில்லை, அவர்களைச் சொல்லி என்ன. ஆனால் வேலை முடிந்து களைத்துப்போய் மண்டப வாசலில் நிற்கிற எனக்கு, அவர்கள் கத்துகிற ஏலு, எங்கள் ஊர் ஏலும் போலத்தான் கேட்கும். முடியும், முடியும் என்று சொல்லித் தூக்குகிறார்கள் என்று சிரித்துக்கொள்வேன். அந்த நாட்களில் எனக்குச் சிரிப்பு வந்த ஒரே இடம் அதுதான்.

குளிர்காலத்தில் ஒருநாள் டிராமில் வரும்போது மகள் கதையைத் தொடங்கினாள்.

"அம்மா, பெரியாக்களின்ர குழுவில ஒராளுக்குக் கை முறிஞ்சு போச்சு. என்னை அங்க வரச் சொல்லிக் கேக்கினம்."

"எப்ப?"

"இப்ப."

"பாதியிலயோ? போட்டி வருதெல்லே?"

"பாதியிலதான் அம்மா அந்தக் கை முறிஞ்சது."

வாய்க்காரி. என்னைப் போலத்தான். ஆனால் சொல்லிவிட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். போக அவளுக்குக் கொள்ளை ஆசை. பெரிய குழுவுக்குப் போவதென்பது அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் கனவு. கவலையெல்லாம் அந்தச் சின்னப் பெண்ணைப் பற்றித்தான். விழுந்த நாளுக்குப் பிறகு அவள் என் மகள் தாங்கினால் மட்டும்தான் ஏறுவாள்.

வீட்டில் என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "அலை எப்ப ஓயிறது, தலை எப்ப முழுகிறது? கேக்கேக்க போகட்டும், விடு."

எனக்கு அவ்வளவு லேசாகச் சொல்ல முடியவில்லை. வேலை இடத்தில் என்னோடு சோடியாகத் தூக்கிய பெண் ஒரு மாதத்தின் நடுவில் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு பேர் தூக்க வேண்டிய ஆட்களை நான் தனியே தூக்கிய நாட்கள் உண்டு. அவள் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. எனக்கும் ஒரு பகல் பராமரிப்பு நிலையத்தில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சனி ஞாயிறு வேலை கிடையாது, தூக்கலும் குறைவு. நான்தான் பிறகு பார்ப்போம், பிறகு பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். நான் இல்லாட்டி நான் வேலை செய்கிற மாடியில் மற்றவர்களுக்கு ஏலாது என்று வீட்டில் சொல்லுவேன். அங்கே ஒரு கிழவி என் கை பட்டால்தான் எழும்புவாள். மற்றவர்கள் போனால் கத்துவாள்.

கழகத்தில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். சின்னப் பெண்ணின் தகப்பன் எழும்பி, போட்டிப் பருவம் தொடங்கும்போது கொடுத்த வாக்கு முடியும்வரை நிற்க வேண்டும் என்றார். என் பிள்ளை அவருடைய பிள்ளையை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போகிறாளாம். ஜெர்மனில் அவர் வேறு ஏதோ சொன்னார், என் காதில் விழுந்தது அதுதான். பயிற்சியாளர், ஒருத்தி போகாவிட்டால் பெரிய குழு போட்டியிலிருந்தே விலக வேண்டும் என்றாள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

காலை வேலை முடித்து நேரே வந்திருந்தேன். நான் சொன்னது இவ்வளவுதான். ஒருத்தி நடுவில் போனால் மிஞ்சுகிறவளின் முதுகு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். அதனால் இவர் சொல்வதைப் பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்காக ஒரு பிள்ளையைக் கட்டிப்போடவும் கூடாது. போகிறவள் தன் இடத்துக்கு வருகிறவளைப் பழக்கிவிட்டுப் போகட்டும்.

நான் ஏதோ ஞானம் பேசியதுபோல் தலையாட்டினார்கள். அந்த ஞானத்தின் பலன் என் தலையில்தான் விடிந்தது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று மகள் இரண்டு குழுவுக்கும் ஓடினாள். நான் அவளுக்குச் சாப்பாட்டுப் பெட்டி தூக்கிக்கொண்டு டிராமுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் அலைந்தேன். சனிக்கிழமை என்று ஒரு நாள் இருப்பதையே மறந்துபோனேன்.

அவ்வளவு பாடுபட்டும் சின்னப் பெண் ஏறவில்லை. புதிதாக வந்த பிள்ளை நன்றாகத்தான் தாங்கினாள். ஆனால் எட்டு என்றதும் மேலே போக வேண்டியவளின் முழங்கால் மடிந்துவிடும், இறங்கிவிடுவாள். என் மகளிடம் ஒரு குறையும் சொல்லவில்லை, பேசுவதைத்தான் நிறுத்திவிட்டாள். கடைசிப் பயிற்சி அன்றும் ஏறவில்லை. டிராமில் மகள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

"நான் போயிருக்கக் கூடாது அம்மா. நான் இல்லாட்டி அவளுக்கு ஏலாது."

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போட்டி அன்று மகளின் பழைய குழுதான் முதலில் இறங்கியது. மகள் புதுக் குழுவின் மேலாடையைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் இருந்தாள். பாட்டுத் தொடங்கியது. துள்ளல், கரணம் எல்லாம் முடிந்து அந்த நாலு பேரும் நடுவுக்கு வந்தார்கள். சின்னப் பெண் மற்றவர்களின் தோளில் கை வைத்தாள். அவளுடைய முழங்காலைத் தவிர நான் வேறொன்றையும் பார்க்கவில்லை.

புதுப் பிள்ளைதான் கத்தினாள். பாட்டையும் மீறிக் கேட்டது.

"அஞ்சு, ஆறு, ஏலு, எட்டு!"

ஏறிவிட்டாள். ஒற்றைக் காலில், ஆடாமல், சிரித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய தகப்பன் கதிரையை விட்டு எழும்பிக் கத்தினார். என் பக்கத்தில் மகளின் இரண்டு உள்ளங்கைகளும் மடியிலிருந்து மேலே எழும்பி, ஒன்றுமில்லாததைத் தாங்கிக்கொண்டு நின்றன. சின்னப் பெண்ணை இறக்கும்வரை அவள் கையை இறக்கவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"அம்மா, நான் இல்லாமலும் அவையளுக்கு ஏலுது."

அது சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. "ஓம் பிள்ளை, ஏலும்" என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் புதுக் குழுவிடம் ஓடினாள்.

நான் அங்கேயே இருந்தேன். அந்தக் கிழவியின் நினைவு வந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, போட்டிக்காக விடுமுறை எடுத்திருந்தேன். இந்நேரம் யாரோ ஒருத்தி அவளைக் கட்டிலில் இருந்து எழுப்பி, சீப்பால் தலை இழுத்து, காலைச் சாப்பாட்டுக்கு இருத்தியிருப்பாள். கிழவி முதலில் கத்தியிருப்பாள், பிறகு சாப்பிட்டிருப்பாள். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது.