பாஸ்போர்ட் வரும்வரை முஹரக்கில்

நான் நர்ஸாக இருக்கும் பஹ்ரைனிலேயே மீன்பிடிப் படகில் வேலை பார்க்கும் என் தம்பி, மூன்று வருஷம் கழித்து அன்றுதான் ஊருக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவன் மகளுக்குப் புதுநன்மை, முதல் முறை நற்கருணை வாங்குகிறாள். டிக்கெட் இருக்கிறது, பெட்டியும் கட்டியாயிற்று. பாஸ்போர்ட் மட்டும் அவனுக்கு விசா கொடுத்த கபீலான படகு முதலாளியின் அலமாரியில். ஏர்போர்ட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன் என்றாராம். போன வருஷமும் இப்படித்தான் சொல்லிவிட்டு, கடைசி நேரத்தில் சீசன் முடியட்டும் என்று கையை விரித்த ஆள்.

விமான நிலையம் இருப்பது முஹரக் தீவில். மதியமே போய்விட்டோம். சும்மா உட்கார்ந்தால் அவன் போனையே முறைப்பான், நான் அவனை முறைப்பேன். பழைய முத்து வியாபாரிகளின் தெருக்களை நடந்தே சுற்றிக் காட்டுகிறார்கள் என்று என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தி சொல்லியிருந்தாள். பெட்டியையும் இழுத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் சேர்ந்தோம். சந்துகளில் அதன் சக்கரம் போட்ட சத்தத்தில் எனக்கே மானம் போயிற்று.

வழிகாட்டி பஹ்ரைன்காரப் பெண். பவளக்கல் சுவர்களையும் வேலைப்பாடு செய்த கதவுகளையும் காட்டிக்கொண்டே வந்தவள், ஒரு முற்றத்தில் நின்று குரலைத் தாழ்த்தினாள். முத்துக் குளித்தவர்களில் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளும் உண்டு, அவர்கள் எடுத்த முத்திலும் எழுந்தவைதான் இந்த வீடுகள் என்றாள். தம்பிக்கு அதைத் தமிழில் சொன்னேன்.

"எக்கா, அவங்க பொறவு ஊருக்குப் போனாங்களான்னு கேளு."

கேட்டேன். சிலருக்கு விடுதலைப் பத்திரம் கிடைத்ததாம். ஆனால் சின்ன வயதிலேயே பிடிபட்டவர்களுக்குத் தங்கள் ஊர் எது என்றே தெரியாதாம், இங்கேயே தங்கிவிட்டார்களாம். தம்பியின் முகம் செத்துப்போயிற்று. எனக்கு வந்ததே கோபம்.

"லே, ஒன்ன யாரும் பிடிச்சிட்டு வரல்ல. விசா எடுத்து, சாப்பாடு போட்டு அனுப்பி வச்சோம். மூஞ்சிய நேரா வை."

சொன்னேனே தவிர, நானும் அவன் போனைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுக்குள் நுழையும்போது அவன் போன் அடித்தது. கபீல்தான். "யல்லா பாய், ஜல்தி" என்று சீக்கிரம் வரச்சொல்லி அவசரப்படுத்திய குரல் எனக்கும் கேட்டது. சொல்லிக்கொள்ளாமலே கூட்டத்தை விட்டு ஓடி ஏர்போர்ட்டுக்கு டாக்சி பிடித்தோம்.

கபீல் காரை விட்டு இறங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பாஸ்போர்ட்டையும், பிள்ளைக்கு என்று ஒரு டப்பா பேரீச்சம்பழத்தையும் நீட்டிச் சிரித்தார். அப்பாடா, மாதாவே! அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். ஷுக்ரன், ஷுக்ரன் என்று வாய் ஓயாமல் சொன்னேன். அவனுடையதை அவனிடம் கொடுத்ததற்கா இத்தனை நன்றி என்று வீட்டுக்கு வந்தபிறகுதான் எரிச்சல் வந்தது. அந்த நேரத்தில் அவர் எனக்குத் தெய்வம்.

உள்ளே கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைக் கேட்டுக் கை நீட்டினாள். தம்பி அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். அவள் மறுபடி கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான்.

"குடு மக்கா," என்றேன். "அவ திருப்பித் தருவா."