திங்கட்கிழமைக்கான முழங்கால்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நாற்பத்தெட்டு வயது, இடது முழங்காலில் தேய்மானம். "பத்து கிலோமீட்டர் வரைக்கும் ஓடலாம். ஆனா பத்து ஓடினா மறுநாள் காலுக்கு ஓய்வு கொடுக்கணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கான படிவத்தில் அவர் ஐந்துக்கு நேராக டிக் போட்டார்.

பத்துக்குப் பெயர் கொடுத்திருந்த மச்சினனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அஞ்சா? அது பொடிசுங்க ஓடுறது மாமா. பத்து ஓடிட்டு, மறுநாள் லிஃப்ட்லயே ஏறி இறங்குங்களேன். உங்களுக்கு இல்லாத லிஃப்டா?"

"நல்லா இருக்குற லிஃப்டுக்கு என்னை எவன்டா கூப்பிடுறான்?" என்றார் அவர். இருபத்திரண்டு வருஷமாக அவர் வேலைக்குப் போன கட்டடங்களில் எல்லாம் படிக்கட்டுதான். மோட்டார் அறை வேறு மொட்டை மாடியில் இருந்து தொலைக்கும்.

ஞாயிறன்று இருவரும் ஓடி முடித்தார்கள். மச்சினன் பதக்கத்தைக் கழற்றாமலே தூங்கினான்.

திங்கட்கிழமை முதல் அழைப்பே மச்சினன் குடியிருக்கும் ஒன்பது மாடிக் கட்டடத்திலிருந்து வந்தது. பால் வாங்கக் கீழே வந்தவன், லிஃப்ட் நின்றுபோனதால் மேலே ஏற முடியாமல், முதல் படியில் இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"சீக்கிரம் சரி பண்ணுங்க மாமா, பால் திரிஞ்சிடும்."

அவர் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"கொஞ்சம் நகரு. நான் ஏறணும்."