நான் இல்லாத குரூப்

துவைத்த பெட்ஷீட்டுகளை மடிக்கிற மேஜையில் யாரோ போனை வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள். அது ஒலித்ததும் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். திரையில் ஒரு வாட்ஸாப் குரூப்பின் பெயர். கீழே ஒரே வரி: 'மேடத்துக்குத் தெரிய வேணாம்.'

மேடம் என்றால் நான்தான். முதலியார்பேட்டையில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, கெஸ்ட் ஹவுஸ்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, தேய்த்துக் கொடுக்கும் தொழில் நடத்துகிறேன். தொடங்கியபோது நானும், நோணாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு அக்காவும் மட்டும்தான். என்னைவிடப் பத்து வயது பெரியவர். அப்போது என்னைப் பாப்பா என்று கூப்பிடுவார். இப்போது பதினான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஆட்கள் சேரச் சேர பாப்பா போய் மேடம் வந்தது. அதை நான் வளர்ச்சி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகு எனக்குக் கை கால் ஓடவில்லை. பக்கத்தில் சாரம் பகுதியில் புதிதாக ஒரு லாண்டரி திறக்கப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. எல்லாரும் சேர்ந்து அங்கே போகப்போகிறார்களா? சனி, ஞாயிறு வந்தால் ஊரெங்கும் வெளியூர்க்காரர்கள். அறைக்கு விரிப்பு போகாவிட்டால் அந்த வாரத்தோடு என் பெயர் போய்விடும்.

அன்றிலிருந்து வேவு பார்க்க ஆரம்பித்தேன். அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. யார் யாரோடு பேசுகிறார்கள், யார் என்னைக் கண்டதும் போனைக் கவிழ்த்து வைக்கிறார்கள் என்று பார்த்தேன். ரோலர் இஸ்திரி மெஷினில் நிற்கும் பெண் நான்கு நாளாக வரவில்லை. சூடான உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்பை விடுவதுதான் அவள் வேலை. கேட்டதற்கு ஒருத்தி ஊரில் கல்யாணம் என்றாள். இன்னொருத்தி ஜுரம் என்றாள். சரிதான், முதல் ஆள் போயாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் எனக்குப் பொறுக்கவில்லை. தலையணை உறைகளை எண்ணிக்கொண்டிருந்த அக்காவைத் தனியே கூப்பிட்டேன்.

"நீங்களும் அந்த குரூப்புல இருக்கீங்களாக்கா?"

அவர் தயங்கினார். "இருக்கேன் மேடம்."

"எல்லாரும் எப்பக் கிளம்பறீங்க? அதையாவது சொல்லிடுங்க."

"எங்க கிளம்பறோம்?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறிவிட்டது. "யாரும் எங்கயும் போவல. அந்தப் பொண்ணு கைய சுட்டுக்கிச்சி. ரோலர்ல. நீங்க ஆர்டர் பேசப் போயிருந்தீங்க. நாங்கதான் ஆட்டோ புடிச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனோம். அது வேலைய யாரு பாக்கறது, வூட்டுக்கு யாரு சோறு கொண்டும்போறதுன்னு பேசிக்கத்தான் அந்த குரூப்பு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேலைய விட்டு நிறுத்திடுவீங்கன்னு பயந்துச்சி. போன வருசம் ஷீட்டத் தீச்சதுக்கு ஒரு பொண்ண அன்னிக்கே அனுப்பிட்டீங்க இல்ல?"

அனுப்பினேன். கண்டிப்பாக இருந்தால்தான் இத்தனை பேரைக் கட்டி மேய்க்க முடியும் என்று நினைத்தேன்.

சாரத்தில் அவள் வீட்டுக்கு ஸ்கூட்டரில் போனேன். என்னைப் பார்த்ததும் கட்டுப்போட்ட கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "மெஷின் நல்லாத்தான் இருக்குது மேடம். எம்மேலதான் தப்பு."

விரல் உள்ளே போகாமலிருக்க அந்த மெஷினுக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. அது இருந்தால் வேலை மெதுவாகிறது என்று ஒரு மாதம் முன்பு கழற்றச் சொன்னவள் நான். அவளுக்கும் அது தெரியும்.

"கம்பியக் கழட்டச் சொன்னது நான்தாம்மா. உம்மேல ஒண்ணும் இல்ல," என்றேன். அவள் மாமியார் கொண்டுவந்த காபி என் கையிலேயே ஆறிப்போனது.

மறுநாள் மெஷினை நிறுத்தினேன். கம்பியைத் திரும்பப் பொருத்த ஆள் வருவதற்குள் பாதி நாள் போயிற்று. விரிப்புகள் தாமதமாகும் என்று ஒவ்வொரு கெஸ்ட் ஹவுஸுக்கும் போன் செய்தேன். ஒருவர் அத்தோடு வேறு இடம் பார்த்துக்கொண்டார். எல்லாப் பெண்களையும் கூட்டி, நடந்தது என் தப்பு என்று சொன்னேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்னாலிருந்து ஒருத்தி மட்டும், "அந்தப் பொண்ணுக்கு வேலை இருக்குது இல்ல மேடம்?" என்று கேட்டாள். இருக்கிறது, சம்பளமும் நிற்காது என்றேன். சரி என்று கலைந்துபோனார்கள்.

ஐந்து வாரம் கழித்து அவள் வந்தாள். சுண்டுவிரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. ரோலர் பக்கம் போக மாட்டேன் என்றாள்; மடிப்பு மேஜைக்கு மாற்றினேன். ரோலரில் கொஞ்ச நாள் நானே நின்றேன். கம்பி இருந்தும் ஒவ்வொரு விரிப்பையும் ஓரத்தைப் பிடித்தே உள்ளே விட்டேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, புதிதாகச் சேர்ந்த பெண் என்னிடம் நேராக வந்தாள். "மேடம், மெஷின்ல ஏதோ தீயிற வாட வருது. நிறுத்தட்டா?"

முப்பது அறைகளுக்கான விரிப்புகள் காத்திருந்தன. "நிறுத்தும்மா," என்றேன். பிறகு வெளியே வந்து கெஸ்ட் ஹவுஸுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், யாரும் எடுக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தபடி நின்றுகொண்டிருந்தேன்.