மீசை முளைத்த பிள்ளைக்குக் குட்டிக் கதிரை

1. அப்பாவா, பிள்ளையா?

எங்கள் சிறுவர் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் புதிதாக வந்த பெரிய டொக்டர் முதல் நாளே நேர்ஸான என்னிடம் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார்.

"மிஸ், அப்பா வந்திருக்கிறார். பிள்ளை எங்கே?"

அப்பா என்று அவர் காட்டியது அன்ரனை. கொழும்பு, கொட்டாஞ்சேனைப் பையன். தகப்பன் துறைமுகத்தில் வேலை. ஏழு வயதில் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று எங்களிடம் வந்தவன், இப்போது பதினேழு நடக்கிறது. மூக்குக்குக் கீழே நல்ல மீசை. முயல் படம் கீறிய சுவருக்குப் பக்கத்தில், பாலர் வகுப்புக் கதிரை ஒன்றில், முழங்கால் இரண்டும் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தான்.

"இவர்தான் டொக்டர் பிள்ளை" என்றேன்.

டொக்டர் அன்ரனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். யாரைப் பரிசோதிக்க வேண்டும் என்ற சந்தேகம் அவர் முகத்தில் தெரிந்தது.

பதினான்கு வயதானால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. விதி இருந்தது, நானும் இருந்தேன். முந்தைய டொக்டர் அனுப்புவோமா என்று கேட்கும்போதெல்லாம் நான் ஒரு சாட்டு வைத்திருப்பேன். பையனுக்குப் பள்ளிக்கூடச் சோதனை வருகிறது, வெசாக் பண்டிகை முடியட்டும், நேற்றுத்தான் குண்டு வெடித்தது, இந்த மாதம் றோட்டெல்லாம் செக்கிங். நாட்டில் யுத்தம் நடந்தபடியால் சாட்டுக்கு மட்டும் பஞ்சம் வரவில்லை.

கிளினிக் நடக்கிற விதமும் ஒரு கூத்துத்தான். "அன்ரன், எப்படி இருக்கிறாய்?" என்று டொக்டர் கேட்பார். அவன் தாய் பிலோமினா பதில் சொல்லுவா. பிலோமினா மறந்ததை நான் சொல்லுவேன். எத்தனை யூனிட், எந்த இடத்தில் ஊசி, நேற்று இரவு என்ன சாப்பாடு என்று நாங்கள் இருவரும் போட்டி போட்டு ஒப்பிப்போம். அன்ரன் முயலைப் பார்த்துக்கொண்டிருப்பான். நல்ல அமைதியான பிள்ளை என்று நான் மற்ற நேர்ஸ்மாரிடம் பெருமையடித்திருக்கிறேன். வாயைத் திறக்க இடம் கொடுத்தால்தானே அமைதியா இல்லையா என்று தெரியும்!

2. சுமதி

நான் ஏன் அப்படிப் பிடித்து வைத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் வெறும் விசரி என்று நினைப்பீர்கள். பாதி விசரிதான், முழுவதும் இல்லை.

அன்ரனுக்கு முன்னால் சுமதி என்று ஒரு பிள்ளை இருந்தாள். யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தாயோடு இருந்தவள். அவளுக்கும் இதே வருத்தம். பதினான்கு முடிந்ததும், விதிப்படி ஒரு துண்டு எழுதிக் கையில் கொடுத்து, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ பிள்ளை" என்று அனுப்பினோம். அவள் போகவில்லை. அந்தப் பெரிய கட்டடத்தில் எந்த வாசலால் போவது, யாரிடம் என்ன மொழியில் கேட்பது என்று தெரியவில்லை. இன்சுலின் முடிந்தது. பிறகு வாங்கவும் இல்லை. நாங்கள் கேள்விப்பட்டபோது அடக்கமும் முடிந்துவிட்டது.

அன்று மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதன் பிறகு ஒருத்தரையும் அப்படி விடுவதில்லை என்று எனக்குள் ஒரு முடிவு. அந்த முடிவின் பலனாகத்தான் மீசை வைத்த ஆம்பிளை ஒருவன் பாலர் கதிரையில் இருந்தான்.

3. நிபந்தனை

புதிய டொக்டர் சாட்டுக்கு மசிகிற ஆள் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் கிளினிக் என்று அவரே போன் பண்ணி ஒழுங்கு செய்துவிட்டார்.

பிலோமினா அழுதா. "தனியா எப்பிடி மிஸ் அனுப்புறது? பையில ஊசி கிடக்கு. தமிழ்ப் பொடியன். செக்பொயின்ற்றில பிடிச்சு உள்ள போட்டா, ரெண்டு நாள் ஊசி இல்லாம என்ட புள்ள தாங்குவானா?"

அவ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. விசாரணை என்று கூட்டிக்கொண்டு போன பிள்ளைகள் எத்தனை நாள் கழித்து வீட்டுக்கு வந்தார்கள் என்பது கொட்டாஞ்சேனைக்கும் தெரியும், வெள்ளவத்தைக்கும் தெரியும்.

"யோசிக்காதேங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் கூடப் போவம்" என்றேன்.

அப்போதுதான் முயலை விட்டு முகத்தைத் திருப்பினான் அன்ரன்.

"நான் தனியா போறன் மிஸ். நீங்க ரெண்டு பேரும் வந்தா நான் போகவே மாட்டன்."

பத்து வருடத்தில் அவன் என்னிடம் பேசிய மிக நீளமான வசனம் அதுதான். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. "சரி தம்பி, உங்கட விருப்பம்" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அவன் படியிறங்கிய உடனே பிலோமினாவும் நானும் கூடிப் பேசி, அவனுக்குத் தெரியாமல் பின்னால் போவதென்று முடிவெடுத்தோம்.

4. பஸ்ஸில்

வெள்ளிக்கிழமை எனக்கு ஓஃப். என் வீடிருந்த வெள்ளவத்தையில் இருந்து விடியவே கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டேன். அன்ரன் முன் கதவால் பஸ்ஸில் ஏறினான். நாங்கள் இருவரும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பின் கதவால் ஏறினோம். கண்டக்டர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். மீன்காரி ஒருத்தி பிலோமினாவிடம், "என்ன பிலோ, ஓடிப் போறியா?" என்று கேட்டே விட்டாள். அன்ரன் திரும்பாதது அந்த அந்தோனியாரின் புண்ணியம்.

வழியில் செக்பொயின்ற். எல்லாரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. அன்ரன் அடையாள அட்டையைக் காட்டினான், சிங்களத்தில் ஏதோ சொன்னான், பொலிஸ்காரர் தலையாட்டினார். அவ்வளவுதான். அவன் திரும்பப் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

பிடிபட்டது நான்.

பொலிஸ்காரி என் கைப்பையைத் திறந்தாள். அன்ரனிடம் ஒன்றும் இருக்காது என்று நினைத்து, ஒரு பக்கெற் சிரிஞ், ஐஸ் போட்ட சின்னப் பிளாஸ்கில் இன்சுலின், பஞ்சு, ஒரு போத்தல் ஸ்பிரிட், குளுக்கோஸ் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு வந்திருந்தேன். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். ஆஸ்பத்திரி அட்டை, கழுவப் போட்ட யூனிபோர்ம் பொக்கெற்றில். அன்ரனுக்குப் பிறந்த இடம் கொழும்பு. எங்கள் இருவரில் யாருக்குத் துணை தேவை என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

"மேவா மொனவாத?" என்றாள் பொலிஸ்காரி. இவை என்ன என்று கேட்கிறாள்.

எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் வார்ட்டில் சின்னப் பிள்ளைகளோடு பழகிய சிங்களம். வாயைத் திற, எங்கே நோகுது, அழாதே. பதற்றத்தில் அவளைப் பார்த்து, "பய வென்ன எப்பா" என்று சொல்லிவிட்டேன். பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். தோளில் துவக்கு மாட்டிக்கொண்டு நின்றது அவள்.

என்னை ஓரமாக நிறுத்தினார்கள். ஜீப் ஒன்று வந்து நின்றது. பிலோமினா பஸ்ஸில் ஏறாமல் வரிசையிலேயே நின்று, என்னை முன்பின் தெரியாதவள் போல வானத்தைப் பார்த்துச் செபம் சொல்லிக்கொண்டிருந்தா. அவவைக் குறை சொல்ல மாட்டேன். கண்டக்டர் பஸ்ஸில் தட்டினார். பஸ் அசையத் தொடங்கியது. அப்படியே இருந்திருந்தால் அன்ரன் நேரத்துக்குக் கிளினிக்குக்குப் போயிருக்கலாம். சந்தேகத்தில் பிடித்த பொம்பிளைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற தமிழ்ப் பொடியனுக்கு என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? யன்னலால் என்னைக் கண்டவன் குதித்து இறங்கி நேரே எங்களிடம் நடந்து வந்தான்.

"அக்கே, அந்த மருந்து எனக்குத்தான். எனக்குச் சீனி வருத்தம்" என்று பொலிஸ்காரியிடம் சிங்களத்தில் தொடங்கினான். எப்போது வந்தது, ஒரு நாளைக்கு எத்தனை முறை ஊசி, போடாவிட்டால் என்ன ஆகும் எல்லாவற்றையும் பதறாமல் சொன்னான். சேர்ட் பொக்கெற்றில் இருந்து ஈரக் கைலேஞ்சியில் சுற்றிய இன்சுலின் போத்தலை எடுத்துக் காட்டினான். மற்றப் பொக்கெற்றில் சிரிஞ்சும் டொபியும் இருந்தன.

"அப்ப இந்த மனுசி யார்?"

"சின்னப் பிள்ளைகள் ஆஸ்பத்திரி நேர்ஸ். நான் துலைஞ்சு போயிடுவன் எண்டு பின்னால வந்திருக்கிறாங்க."

"இவ்வளவு பெரிய ஆளுக்குப் பின்னாலயா?"

"அவங்களுக்கு அது இன்னும் விளங்கேல்ல அக்கே."

பொலிஸ்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பையை என் கையில் தந்தாள். ஜீப் போய்விட்டது, பஸ்ஸும் போய்விட்டது. அன்ரன் முன்னால் நடந்தான். நாங்கள் பின்னால் நடந்தோம். இந்த முறை முந்தானை தோளில் இருந்தது.

5. வாங்கில்

பெரிய ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் வெறும் வயிற்றோடு இரத்தம் எடுப்பார்கள். நீட்டு மர வாங்கு நிறைய வயதானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருமலும் கோடாலித் தைல மணமும். அன்ரன் போய் இலக்கத் துண்டு எடுத்து, இரத்தம் கொடுத்து, ஊசியைத் தானே போட்டு, கொண்டு வந்த பாணைச் சாப்பிட்டான். பெயரைக் கூப்பிட்டதும் டொக்டரின் அறைக்குள் போனான். நாங்கள் எழும்பினோம். அவன் கதவைச் சாத்திவிட்டான்.

வெளியே இருந்து காதைக் கொடுத்தோம். உள்ளே டொக்டரும் அவனும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கிளினிக்கில் அவன் ஒருநாளும் சிரித்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நல்ல பொறாமை.

வெளியே வந்து சொன்னான். "பின்னேரத்தில கடையில வேலை செய்யிறன்தானே, அதுதான் சீனி இறங்குதாம். ஊசியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். அடுத்த திகதியும் தந்திட்டார்."

கடையில் வேலை செய்கிறானா? தாய்க்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஊசியையும் சாப்பாட்டையும் ஒப்பித்தோமே தவிர, அவன் என்ன செய்கிறான் என்று கேட்டதே இல்லை.

அந்த நேரத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நடந்தது இதுதான். நாங்கள் வாங்கில் இருந்தபோது ஒரு நேர்ஸ் வந்து என் பெயரையும் வயதையும் கேட்டாள். பிள்ளைக்குப் பொறுப்பான ஆளின் பெயரைக் கேட்கிறாள் என்று நினைத்துச் சொன்னேன். சாப்பிட்டீர்களா என்றாள். வெள்ளிக்கிழமை விரதம், இல்லை என்றேன். கையை நீட்டச் சொன்னாள். "ஐயோ, நானும் நேர்ஸ்" என்று இழுத்துப் பார்த்தேன். "முதல் நாள் எல்லாருக்கும் பயம்தான்" என்று சொல்லி ஊசியைக் குத்திவிட்டாள். பிள்ளைகளுக்கு நான் சொல்கிற அதே குரல்.

இப்போது அந்த இரத்தத்தின் ரிசல்ட் டொக்டரின் மேசையில் இருந்தது. சீனி ஏறியிருந்தது. சந்தேகப்படுகிற அளவு இல்லை, சந்தேகமே இல்லாத அளவு.

பல மாதமாகத் தாகம், மெலிவு, இரவில் அடிக்கடி எழும்புவது. கொழும்பு வெக்கை என்று நினைத்திருந்தேன். இதே அறிகுறிகளைப் பாடமாகத் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

"எவ்வளவு காலமாத் தாகம்?" என்று டொக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. கூடவே உள்ளே வந்த பிலோமினா எனக்காகத் தொடங்கிவிட்டா: "மிஸ்ஸுக்குக் கொஞ்ச நாளாவே மெலிவுதான் டொக்டர், சாப்பாடும் சரியில்ல, பாவம்..."

"அம்மா, வெளியில வாங்க" என்றான் அன்ரன். "மிஸ் சொல்லுவாங்க."

தாயின் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான். அந்தக் கதவு சாத்தப்பட்டபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. விட்டுவிட்டுப் போகிறானே! டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டு அவசரப்படாமல் காத்திருந்தார். பேச வேறு ஆள் இல்லாதபடியால் நானே பேசினேன்.

"டொக்டர், எனக்கு ஒன்றும் தெரியாது. முதலில் இருந்து சொல்லித் தாருங்கள்."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற நேர்ஸ் பிள்ளைகளுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற நாளில் துண்டு மட்டும் எழுதிக் கொடுத்தால் எங்கள் கிளினிக் பிள்ளைகள் சுமதி போனது போலப் போவார்கள். இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாலும் நடக்கப் பழக மாட்டார்கள். பத்து வயதிலேயே தொடங்குங்கள். கேள்வியைப் பிள்ளையிடம் கேளுங்கள், பதில் வரும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருங்கள். தாயைக் கொஞ்ச நேரம் வெளியே இருத்துங்கள். பிறகு நான் அப்படித்தான் செய்தேன். தாய்மார் வெளியே நின்று என்னைத் திட்டுவார்கள். பிள்ளை உள்ளே விரலைப் பிசைந்துகொண்டு, என்னைப் பார்த்து, சுவரைப் பார்த்து, கடைசியில் தன் வருத்தத்தைத் தன் வாயால் சொல்லத் தொடங்கும். பெரும்பாலும் முதலில் சொல்வது, நாங்கள் ஒருநாளும் கேட்காத ஒன்றைத்தான்.