லார்ட்டர் நாய் பழக்குகிறார்

நீளமாக ஒருமுறை ஊதினால் நாய் உட்கார வேண்டும். டெஸ்மண்ட் லார்ட்டர் ஊதுகிறார். ஊதிவிட்டு, உட்கார்ந்ததா என்று புல்வெளியைக் கூர்ந்து பார்க்கிறார். புல்வெளியில் நாய் இல்லை. நாய் இன்னும் பிறக்கவே இல்லை.

போன ஆண்டு பிப்ரவரி முழுவதும் என் காலைத் தேநீர் இந்தக் காட்சியைப் பார்த்துப் பார்த்தே ஆறிப்போனது. எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு செடிவேலிதான். அதற்கு அப்பால், ட்வீட் கோட்டும் தொப்பியும் முழங்கால்வரை ரப்பர் பூட்சுமாக, மான்கொம்புப் பிடி வைத்த கைத்தடியோடு, சொந்தக் கொல்லையில் வேட்டைக்குக் கிளம்பியவர்போல லார்ட்டர் நிற்பார். நாய் கவ்விவரப் பழகுவதற்காகப் பச்சைத் துணியில் மணல் அடைத்துத் தைத்த டம்மியைத் தோட்டத்தின் கோடிக்கு வீசுவார். கையை உயர்த்தி, இல்லாத நாயைக் காத்திருக்கச் சொல்வார். பிறகு பெயர் சொல்லி அனுப்புவார். பிறகு தானே போய் எடுத்து வருவார். நேர்கோட்டில் போய் நேர்கோட்டில் திரும்ப வேண்டும் என்பது விதி. அவருக்கும் டம்மிக்கும் நடுவில் அவர் மனைவி மொய்ராவின் டேலியாப் பாத்தி இருந்தது. விதி விதிதான், பாத்தி வழியாகவே போவார்.

"நாய் வந்தப்புறம் கத்துக்கலாம்னு இருக்கான் பாரு, அவன்தான் நாயைக் கெடுக்கறவன். மொதல்ல மனுஷன் பழகணும்" என்று வேலிக்கு மேலே எட்டி எனக்குச் சொல்வார். நான் ஒன்றும் கேட்டிருக்க மாட்டேன்.

அவருடைய தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. வாழ்நாளில் பாதியை இடப்பக்க இருக்கையில், காலடியில் தனக்கென்று ஒரு தனி பிரேக் வைத்துக்கொண்டு கழித்தவர். அந்த பிரேக் காருக்கு வெளியே உள்ள உலகத்தில் இல்லையே என்பதுதான் அவருடைய நிரந்தரக் குறை. குழந்தை ஓடினாலும், சைக்கிள்காரன் மணி அடித்தாலும், மொய்ரா பேசிக்கொண்டே போனாலும் அவருடைய வலது கால் தரையை அழுத்துவதை நான் பார்த்திருக்கிறேன். நாய் விசில் வாங்கிய பிறகு அதைக் காருக்குள்ளும் கழுத்தில் மாட்டிக்கொண்டார். தபால் அலுவலகத்து டாஃப்னி அவரிடம் நெடுங்காலமாகக் கற்றுக்கொண்டிருந்த மாணவி. அந்த வசந்தத்தில் ஓட்டுநர் பரீட்சையில் மறுபடி ஒருமுறை தோற்றுவிட்டு வந்து, தபால்தலை கிழித்தபடி காரணம் சொன்னார்: "பரீட்சைக்காரர் நிறுத்துங்கன்னாரு. நான் விசிலுக்காகக் காத்திருந்துட்டேன்."

இத்தனை முன்னேற்பாட்டுக்கும் ஒரு பழைய காயம் காரணம். எங்கள் நார்ஃபக் ஊரில் குளிர்காலச் சனிக்கிழமைகள் ஹக் குட்ரமின் பண்ணைக்காட்டில் கழியும். புதர்களைத் தட்டிப் பறவைகளைக் கிளப்புகிறவர்கள் ஒரு பக்கம், துப்பாக்கியோடு காத்திருப்பவர்கள் மறுபக்கம், விழுந்ததைக் கவ்வி வர நாய்கள். லார்ட்டரிடம் அப்போது பிராம்பிள் என்றொரு ஸ்பானியல் நாய் இருந்தது. ஒரு சனிக்கிழமை, சுடுபவர்கள் தோட்டாவைப் போடும் முன்பே அது கயிற்றை உருவிக்கொண்டு காட்டுக்குள் பாய்ந்து அங்கிருந்த ஃபெசன்ட் கோழிகள் அத்தனையையும் கிளப்பி அடுத்த பண்ணைக்கு அனுப்பிவைத்தது. பிறகு வாலை ஆட்டிக்கொண்டு வந்து, அன்றைக்குத் தான் கவ்வி வந்த ஒரே பொருளை எஜமானரின் காலடியில் பணிவாக வைத்தது. குட்ரமின் பன்றித்தொடை சாண்ட்விச். குட்ரம் காலி டப்பாவைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். "டெஸ், உன் நாய் ரொம்ப நல்ல நாய்ப்பா. வீட்டுலயே வச்சுக்கோ" என்றார்.

வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அதாவது மொய்ரா வைத்துக்கொண்டார். பிராம்பிள் காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டி தின்று, மாலையில் அவர் பாதங்களின் மேல் படுத்து, உருண்டையாகி, வயதாகி, ஒரு குளிர்காலத்தில் அதே பாதங்களின் மேல் செத்துப்போனது. குழி தோண்ட நானும் போயிருந்தேன். மண்ணைத் தள்ளி முடித்து, மண்வெட்டியில் சாய்ந்து நின்றுகொண்டு லார்ட்டர் சொன்னார்: "ரொட்டி குடுத்துக் குடுத்து நீதான் கெடுத்த." மொய்ரா குழியின் மேல் மண்ணைக் காலால் மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தார்.

ஆகவே புதுக்குட்டி விஷயத்தில் மொய்ராவால் வரக்கூடிய ஆபத்துகளை எல்லாம் முன்கூட்டியே அடைத்துவிட லார்ட்டர் தீர்மானித்தார். அது வீட்டுக்குள் வராது. அதற்கென்று கொட்டில் வேண்டும். கொட்டிலுக்கு வெயில் படும் இடம் வேண்டும். வெயில் படும் ஒரே இடத்தில் மொய்ரா தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் குடில் இருந்தது. "தக்காளி கடையில கெடைக்கும். ஒழுக்கம் கடையில கெடைக்காது" என்று சொல்லி அதைப் பிரித்துப் போட்டார். அந்த இடத்தில் எழுந்த கொட்டிலில் மரக்கட்டில், சூடேற்றும் விளக்கு, வாசலில் சிமெண்டுத் தளம் எல்லாம் உண்டு. அவர்கள் வீட்டுக் குளியலறையில் நான் அறிந்தவரை எந்தக் காலத்திலும் சூடு கிடையாது.

சட்டங்களை இரவு உணவின்போது வாயால் அறிவித்தாராம். மொய்ரா குட்டியோடு பேசக்கூடாது, தொடக்கூடாது, சோறு வைக்கக்கூடாது, அநாவசியமாக அதன் கண்ணைப் பார்க்கக்கூடாது. அதுவே வந்து என் கண்ணைப் பார்த்தால் என்ன செய்வது என்று மொய்ரா கேட்டிருக்கிறார். திரும்பிக்கொள் என்று சொல்லிவிட்டு அவர் உருளைக்கிழங்கைத் தொடர்ந்தாராம்.

மே மாதம், பக்கத்து சஃபக் மாவட்டத்தில் நாய் வளர்க்கும் ஜோன் பெக்கமிடமிருந்து குட்டி வந்தது. கறுப்பு லாப்ரடார், பெண், ஒரு ரொட்டியின் அளவு. ஃபெர்ன் என்று பெயர். காட்டில் கத்திக் கூப்பிட ஓரசைப் பெயர்தான் வசதி என்றார் லார்ட்டர். புல்லில் இறக்கிவிட்டதும் லார்ட்டர் நீளமாக ஊதினார். குட்டி உட்கார்ந்தது. அன்று மாலை மதுக்கடையில் இதைக் கேட்காதவர் இல்லை. எதற்காக உட்கார்ந்தது என்பதை வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்தேன், அது எழுந்த இடத்தில் புல் நனைந்திருந்தது.

ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். குட்டி அருமையான குட்டி. எஜமானர் இப்படி இருந்தும் அது கற்றுக்கொண்டது. ஜூலைக்குள் விசிலுக்கு உண்மையாகவே உட்கார்ந்தது. டம்மியை நேராகப் போய் எடுத்து, நேராக வந்து, அவர் கையில் கொடுத்தது. கொடுத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி அவரை யாரும் பார்த்து எனக்கு நினைவில்லை. ஒருநாள் குட்ரம் டிராக்டரை வாசலில் நிறுத்தி, இறங்காமலே வெகுநேரம் பார்த்தார். "அடுத்த வருஷம் இதைக் கூட்டிட்டு வா, டெஸ்" என்றார். லார்ட்டர் மூக்கைச் சிந்தினார். சளி என்றார்.

மிச்சமிருந்தது துப்பாக்கிச் சத்தம் ஒன்றுதான். அதைப் பற்றி அவர் நிகழ்த்தாத பிரசங்கம் இல்லை. முதலில் குட்டி தின்னும்போது ஒரு வயல் தள்ளி நின்று கை தட்ட வேண்டும். அது தலையைத் தூக்காமல் இருந்தால் பிறகு ஓட்டப்பந்தயம் தொடங்கச் சுடுவார்களே, குண்டில்லாமல் சத்தம் மட்டும் போடும் அந்தத் துப்பாக்கி, அதுவும் வயலுக்கு அப்பாலிருந்து. பல வாரங்களில் அடி அடியாக நெருங்க வேண்டும். அவசரப்பட்டு நாய்க்கு வெடிப்பயம் உண்டாக்குகிறவனைக் கட்டி வைத்து உதைக்க வேண்டும். இதை அவர் மதுக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது குட்ரமின் தம்பி மகன் லூயிஸ் குறுக்கே புகுந்து, தன் குட்டிக்கும் அதே வயதுதான், பக்கத்திலேயே சுட்டாலும் தட்டிலிருந்து தலையை எடுப்பதில்லை என்றான். பெருமையாகக்கூடச் சொல்லவில்லை. கடலை தின்றுகொண்டே சொன்னான். லார்ட்டர் கோப்பையில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை நான் வேலி வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் சிமெண்டுத் தளத்தில் சோற்றுத் தட்டை வைத்தார். ஃபெர்ன் தலையைக் கவிழ்த்துத் தின்னத் தொடங்கியது. வயலுக்குப் போவார் என்று பார்த்தேன். போகவில்லை. கையை நீட்டினால் அதன் முதுகைத் தொடலாம், அத்தனை பக்கம். கோட்டுப் பையிலிருந்து துப்பாக்கியை எடுத்தார்.

தட்டு கவிழ்ந்தது. குட்டி என் வேலிக்குள் புகுந்து, என் கால்களுக்கு நடுவே ஓடி, சாலையைக் கடந்து மறைந்தது. லார்ட்டர் விசில் ஊதினார். ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார்.

பிற்பகலில் கண்டுபிடித்தது மொய்ராதான். பீட்ரூட் வயலை ஒட்டிய சாக்கடைக் குழாயின் கோடியில் அது ஒடுங்கிக்கிடந்தது. அவர் தரையோடு படுத்து, தோள்வரை கையை விட்டு, அது நக்கும்வரை அப்படியே கிடந்தார். பிறகு தன் கம்பளிச் சட்டைக்குள் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்தார். வழிநெடுக அதோடு பேசிக்கொண்டே வந்தார். தொட்டாகிவிட்டது, பேசியாகிவிட்டது, கண்ணையும் பார்த்தாகிவிட்டது. நேரே கொட்டிலைத் தாண்டி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

அதன்பிறகு கதவு அறைந்தாலும், கரண்டி விழுந்தாலும் குட்டி மேசைக்கடியில். விசில் சத்தம் கேட்டால் தரையோடு தரையாகப் படுத்து நடுங்கியது. லார்ட்டர் கொஞ்ச நாள் முயன்று பார்த்தார். பிறகு யோசித்தார். யோசித்ததில் தப்பு ரத்தத்தில் இருப்பதாகக் கண்டுபிடித்தார். ஒரு மாலை என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டார். அந்த வீட்டில் அவர் தேநீருக்குக் கூப்பிடுவது வழக்கமில்லை என்பது கோப்பையைக் கையில் வாங்கிய பிறகுதான் உறைத்தது. என் எதிரிலேயே ஜோன் பெக்கமுக்குத் தொலைபேசினார். குட்டி பிறவிக் கோழை, வம்சத்திலேயே கோளாறு, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த அம்மாள் ஏதோ கேட்டார். எவ்வளவு தூரத்தில் நின்று சுட்டீர்கள் என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

"ஒரு வயல் தூரம் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பாத்துட்டுதான் இருந்தாரு. வேணும்னா கேளுங்க" என்று லார்ட்டர் தொலைபேசியை என் பக்கம் நீட்டினார்.

நான் வாயைத் திறக்கும் முன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மொய்ரா ஈரக்கையோடு வந்து அதை வாங்கிக்கொண்டார். "ஜோன், நான் மொய்ரா. இந்த மனுஷன் சோத்துத் தட்டுக்குப் பக்கத்துலயே நின்னு சுட்டாரு. குட்டி மேல ஒரு குத்தமும் இல்லை." எதிர்முனை பேசியதைக் கடைசிவரை கேட்டார். நன்றி சொல்லி வைத்தார். குட்டியைத் திரும்பக் கொடுத்தால் அவர்கள் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பார்களாம், வேண்டுமானால் அடுத்த ஆண்டு வேறு குட்டி தருவார்களாம் என்றார்.

லார்ட்டரின் முகம் மலர்ந்தது. "பாத்தியா? வேற குட்டி தர்றாங்க" என்றார்.

"பிராம்பிளை நான் ரொட்டி குடுத்துக் கெடுத்தேன்னு சொன்ன" என்றார் மொய்ரா. குரல் உயரவே இல்லை. "அதைப் புதைச்ச எடத்துலயே நின்னு சொன்ன. இவளை யாரு கெடுத்தா, டெஸ்மண்ட்?"

லார்ட்டரின் வலது கால் மேசைக்கடியில் தரையை அழுத்தியது. அங்கே படுத்திருந்த குட்டி நகர்ந்து படுத்தது. நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குட்டி எங்கயும் போகலை. கொட்டில்தான் போகுது" என்று சொல்லிவிட்டு மொய்ரா மீதிப் பாத்திரத்தைக் கழுவப் போனார்.

கொட்டில் போயிற்று. பிரித்தவரே கண்ணாடிகளைத் திரும்பப் பொருத்தினார். மொய்ரா நாற்காலி போட்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சூடேற்றும் விளக்கை மட்டும் விட்டுவைக்கச் சொன்னார். ஜன்னலோரத் தொட்டிகளில் காப்பாற்றி வைத்திருந்த செடிகள் உள்ளே போக, அந்த ஆண்டு அவர்கள் வீட்டில் அக்டோபர் கடைசிவரை தக்காளி காய்த்தது. மதுக்கடையில் லார்ட்டர் வேறு கதை சொன்னார். மொய்ராவுக்குத் துணை வேண்டியிருந்ததாம், மனம் கேட்கவில்லையாம், விட்டுக்கொடுத்துவிட்டாராம். கூடவே, இந்தக் காலத்து லாப்ரடார்களுக்கு நரம்பு பலம் போதாது என்றும் சொன்னார். அடுத்தவர் நாய்களின் குறைகளை முன்பைவிட நுட்பமாகச் சொன்னார். லூயிஸ் கடலையை வாயில் போட்டுக்கொண்டு கேட்டான்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, எங்கள் வீடுகளுக்குப் பின்னாலுள்ள காட்டில் குட்ரமின் ஆட்கள் வேட்டைக்கு இறங்கியிருந்தார்கள். எனக்கு முழங்கால் வலி, போகவில்லை. லார்ட்டரும் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டதாகக் கேள்வி. மொய்ரா தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். அவர் தந்த ஊறுகாய் ஜாடியைத் திருப்பி வைக்க வழக்கம்போலப் பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். லார்ட்டர் ட்வீட் கோட்டோடு சமையலறைத் தரையில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். வளர்ந்துவிட்ட ஃபெர்ன் அவர் தொடைகளுக்கு நடுவே முகத்தைப் புதைத்திருந்தது. அவருடைய உள்ளங்கைகள் இரண்டும் அதன் காதுகளைப் பொத்தியிருந்தன.

என்னைக் கண்டதும் கைகளை எடுத்தார். "காதுல உண்ணி இருக்கான்னு பாத்தேன்" என்றார்.

இருக்கிறதா என்று கேட்டேன். அவர் வாயைத் திறந்தபோது காட்டுப் பக்கம் வேட்டுச் சத்தம் வரிசையாகக் கிளம்பியது. கைகள் இரண்டும் அவரைக் கேட்காமலே நாயின் காதுகளுக்குத் திரும்பின. அவர் முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.