குட்டி தூங்கிய செருப்புக் குவியல்

என் கணவர் சுத்தக்காரர். இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை, புகாராகவே சொல்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. தலைக்கு உறை, காலுக்கு உறை, கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடுப்பு எல்லாம் மாட்டிக்கொண்டால்தான் உள்ளேயே விடுவார்களாம். அந்தத் தொழிற்சாலையை அப்படியே தூக்கிவந்து, தண்ணீர்மலைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் இறக்கிவிட்டார் மனிதர். செருப்புக்காலோடு யாரும் வாசற்படி தாண்ட முடியாது. குழாய் பழுது பார்க்க வந்தவர்கூட வெறுங்காலோடுதான் வேலையை முடித்துவிட்டுப் போனார்.

இப்படிப்பட்டவரிடம் போய் நான் நாய்க்குட்டி கேட்டேன்.

"சாமி மேடை இருக்கிற வீடு. நாய்லாம் உள்ள வரக்கூடாது" என்றார். மூன்று வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அந்த மூன்று வாரமும் குழம்பில் உப்பு குறைந்தது தற்செயல்தான். கடைசியில் இறங்கி வந்தார். குட்டி வரலாம், ஆனால் கார் நிறுத்துகிற போர்ச்சோடு சரி. வாசற்படி அதன் எல்லை.

என்னோடு வேலை செய்யும் ஒருத்தி வீட்டிலிருந்து வந்தது, எட்டு வாரக் குட்டி. பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது மடிந்து கிடக்கும். வந்த மறுநாளே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். நம்ம தமிழ்ப் பெண்தான், சின்ன வயது, கறாரான பேச்சு.

"அண்ணே, மூணு ஊசியும் முடியற வரைக்கும் ரோட்டுல இறக்கிடாதீங்க. மத்த நாய்ங்க போன எடத்துல இது கால் வைக்கவே கூடாது. பூச்சி மருந்து சொன்ன தேதியில குடுத்துடுங்க."

வீட்டுக்கு வந்த கையோடு அவர் அட்டவணை போட்டுக் குளிர்ப்பெட்டியில் ஒட்டிவிட்டார். ஊசி நாள், பூச்சி மருந்து நாள், தண்ணீர்க் கிண்ணம் கழுவும் நேரம் என்று கட்டம் கட்டமாக. எனக்கு டெங்கி வந்து படுத்திருந்தபோது இப்படி ஒரு காகிதமும் எங்கேயும் ஒட்டப்படவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

குட்டி தெருவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குத் தெரிந்த உலகமெல்லாம் போர்ச்சும் அங்கே கழற்றிப்போட்ட செருப்புகளும்தான். செருப்பு என்றால் அதற்கு உயிர். கடிக்கும், நக்கும், கட்டிப்பிடித்துத் தூங்கும். அவருடைய புதுச் சப்பாத்தின் நாக்கைக் குதறி வைத்தபோது மட்டும் ஒரு நாள் முழுக்க வீட்டில் இடி இடித்தது.

தீபாவளி வந்தது. அவருடைய தொழிற்சாலை ஆட்கள், அக்கம்பக்கம், சொந்தபந்தம் என்று அலை அலையாக வந்து முறுக்கைக் காலி செய்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் வாசலில் செருப்பைக் கழற்ற, அது முழங்கால் உயரத்துக்குக் குவிந்தது. குட்டி அதன் உச்சியில் ஏறி, மல்லாந்து படுத்துத் தூங்கிவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன், வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன்.

தீபாவளி முடிந்த ஐந்தாம் நாள் குட்டி சாப்பிடவில்லை. மாலைக்குள் வாந்தி, பிறகு ரத்தமாகப் போனது. அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. வாரிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, பார்வோ வைரஸ் என்றார்.

"சான்ஸே இல்ல டாக்டர், நாங்க வெளியவே விடலைலா" என்றார் இவர். தொழிற்சாலைக் குரல் வந்துவிட்டது. "எங்க வீட்டுக்குள்ள ஒருத்தரும் செருப்புப் போட மாட்டோம். அவ்ளோ சுத்தம்."

"அது சரிண்ணே. குட்டி எங்க இருக்கும்?"

நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எவ்வளவு செல்லமாக வளர்த்தோம் என்று காட்டுவதாக நினைத்துக்கொண்டு, அந்த வீடியோவை எடுத்து நீட்டினேன். மருத்துவர் முழுவதையும் பார்த்தார், சிரிக்கவில்லை.

"அக்கா, இந்தக் கிருமி செருப்புலயே மாசக்கணக்கா உயிரோட இருக்கும். எந்த நாய் எங்க போனதை யார் மிதிச்சுட்டு வந்தாங்களோ. குட்டி ரோட்டுக்குப் போகல, நீங்க ரோட்டையே கூட்டிட்டு வந்து அதுக்கு மெத்தை போட்டிருக்கீங்க."

பிழைக்குமா என்று கேட்டேன். பாதிக்குப் பாதி என்றார். குட்டியைத் தனி அறையில் வைத்து, முன்னங்காலில் சலைன் ஏற்றினார்கள். காரில் ஏறியதும் நான் அழுதுவிட்டேன். அந்த வீடியோவை அழித்தேன். அவர் சாவியைச் செருகிவிட்டு, வண்டியைக் கிளப்பாமல் கையை எடுத்துக்கொண்டார்.

"உள்ள விட்டிருக்கலாம்" என்றார்.

நான்கு நாள் விடுப்புப் போட்டார். அந்தத் தனி அறைக்குள் போக உடம்புக்கும் காலுக்கும் உறை மாட்ட வேண்டும். அங்கிருந்த தாதியைவிட வேகமாக மாட்டிக்கொண்டு, கூண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். நான்காம் நாள் காலையில் குட்டி தலையைத் தூக்கி, அவருடைய கால் உறையைக் கடிக்கப் பார்த்ததாம். போனில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார் மனிதர்.

குட்டி வீட்டுக்கு வருவதற்கு முன் போர்ச்சை மூன்று தடவை பிளீச் ஊற்றிக் கழுவினார். அப்படியும் நம்பிக்கை வரவில்லை. செருப்பு அடுக்கும் தட்டைத் தூக்கிக்கொண்டுபோய் கேட்டுக்கு வெளியே, சாலையோரத்தில் வைத்தார். இன்னும் ஊசிகள் பாக்கி என்று அட்டவணையில் சிவப்பில் எழுதினார்.

அடுத்த மாதம் அவருடைய அக்கா வந்தார். கேட்டருகிலேயே இவர் வழிமறித்தார்.

"ஏன்டா தம்பி, என் செருப்பு ரோட்டுலயா? யாராச்சும் தூக்கிட்டுப் போனா? புதுசுலா!"

"போனா வேற வாங்கித் தர்றேங்க்கா. காலைக் கழுவிட்டுச் சத்தம் போடாம உள்ள வாங்க. சாமி மேடைக்கிட்ட தூங்குது."